மாட்ரிட் இல்லத்தில் மொழி பயின்ற பேராசிரியர்

அயல்மொழி ஒன்றைக் கற்க விரும்புவோர் அம்மொழி வழங்கும் நாட்டிற்குச் சென்று, அந்நாட்டுக் குடும்பம் ஒன்றனோடு உண்டு உறைந்து பயில்வது இன்று பெருவழக்காகிவிட்டது. ஸ்பானிய மொழி மாணவர் ஸ்பெயினிலும் குவாத்தமாலாவிலும் மெக்சிகோவிலும் இவ்வாறே பயின்று வருகின்றனர். இம்முறைக்கென்று பள்ளிகளோ அமைப்புகளோ தோன்றாத காலத்திலேயே இதனைக் கைக்கொண்டு வெற்றி கண்ட இளைஞர் ஒருவர் உண்டு. பிற்காலத்தில் அமெரிக்காவின் புகழ்மிக்க கவிஞராக விளங்கிய ஹென்றி வாட்ஸ்வொர்த் லாங்ஃபெல்லோவே அவர். அவர் வரலாற்றில் மொழியாசிரியர் எண்ணிப் பார்க்கத்தக்க செய்திகள் பல உள.

பதவி முன்னே, பயிற்சி பின்னே

லாங்ஃபெல்லோ 1807ஆம் ஆண்டு மெய்ன் மாநிலத்துப் போர்ட்லண்டு நகரில் பிறந்தார். 1825இல் போடின் கல்லூரியில் பட்டம் பெற்றார். இலத்தீனும் கிரேக்கமும் கோலோச்சிய அக்காலத்தில், அக்கல்லூரியார் புதுமொழிகளுக்கென ஒரு பேராசிரியர் பதவியை ஏற்படுத்த எண்ணினர். பதினெட்டு வயது நிரம்பிய லாங்ஃபெல்லோவையே அதற்குரியவராகக் கருதினர். ஆனால், கற்பிக்க வேண்டிய மொழிகளை அவர் இன்னும் நன்கு கற்றிருக்கவில்லை. எனவே, ஐரோப்பாவிற்குச் சென்று கற்று வருமாறு கூறப்பட்டது. செலவை அவர் தந்தையார் ஏற்றுக்கொண்டார். 1826 மே மாதம் இளைஞர் கப்பலேறினார்.

வழக்கறிஞரான தந்தையார் உலக நிலையை உணர்ந்தவர். 1824இல் பெரு நாட்டின் அயாகூச்சோவில் நிகழ்ந்த போர், தென் அமெரிக்கப் பெருநிலத்தில் ஸ்பெயினின் ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவந்தது. புதிய குடியரசுகளோடு அமெரிக்க நாட்டிற்கு உறவு வளர்ந்தது. ஆதலின், ஜெர்மன், இத்தாலிய மொழிகளைவிட ஸ்பானிய மொழியே மகனுக்கு இன்றியமையாதது என அவர் மடல் வழியே வற்புறுத்தினார். மகனும் பிரான்சில் சில திங்கள் தங்கியபின், 1827 மார்ச்சில் மாட்ரிட் வந்து சேர்ந்தார்.

இரண்டு இல்லங்கள்

புவேர்த்தா தெல் சோல் சதுக்கத்தை அடுத்த மோந்தேரா தெருவில் ஒரு ஸ்பானியக் குடும்பத்தாருடன் அவர் தங்கினார். அதே இல்லத்தில் அலெக்சாண்டர் சிலைடெல் என்னும் அமெரிக்கக் கடற்படை அலுவலரும் தங்கியிருந்தார். இருவரும் செகோவியா நகருக்கு ஒன்றாகப் பயணம் சென்று வந்தனர். ஒரு நாட்டார் இருவர் அயலகத்தில் ஓரிடத்தில் தங்கினால், தம் மொழியிலேயே பேசிப் பொழுதைக் கழித்துவிடும் இடர் உண்டு. ஆனால் சிலைடெல் முன்னதாகவே தென்திசை நோக்கிப் புறப்பட்டுவிட்டார், லாங்ஃபெல்லோ தங்கினார். வீட்டுப் பெண் புளோரன்சியா அவரோடு உடன்பிறந்தாள் போலப் பழகினாள். கோடையின் தொடக்கத்தில் மாட்ரிட்டுக்கு அண்மையிலுள்ள எல் பார்தில்யோ என்னும் சிற்றூரிலும் அவர் சில நாள் தங்கி, உழவர், ஊர்ப் பாதிரியார் ஆகியோரின் வாழ்வைக் கண்டார்.

இவ்வில்லம் அவருக்குப் பேச்சைத் தந்தது எனில், மாட்ரிட்டில் மற்றோர் இல்லம் நூலுலகத்தைக் காட்டியது. ஓபதையா ரிச் என்னும் அமெரிக்கரின் வீட்டில் அரிய ஸ்பானிய நூல்கள் திரண்டிருந்தன. அங்குத் தங்கி வாஷிங்டன் இர்விங் கொலம்பசின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். லாங்ஃபெல்லோ இர்விங்கைக் கண்டு பழகினார். அவருடைய அயரா உழைப்பு இளைஞரின் உள்ளத்தைத் தொட்டது.

கூலியும் உரிமையும்

சில திங்கள் மாட்ரிட்டில் கழித்தபின், ஸ்பெயினின் தென்பகுதியைக் கண்டு, இத்தாலி, ஜெர்மனி நாடுகளுக்கும் சென்று, 1829இல் தாயகம் மீண்டார். அங்கே கசப்பான செய்தி காத்திருந்தது. பேராசிரியர் பதவிக்கு மாறாக, ஆண்டுக்கு 600 டாலர் ஊதியத்தில் வெறும் பயிற்றுநர் பதவியே அளிக்கப்படும் என்றனர். மூன்றாண்டு அயலகத்தில் உழைத்துக் கற்றவர் அதனை ஏற்க மறுத்தார். முடிவில், பேராசிரியர் பதவியும் 800 டாலர் ஊதியமும், நூலகப் பொறுப்புக்கென மேலும் 100 டாலரும் வழங்கினர். கற்பிக்கும் தொழிலின் மதிப்பை ஆசிரியரே முதலில் காத்தல் வேண்டும் என்பதற்கு இது சான்றாகும்.

வகுப்பறைக்கு ஏற்ற பாடநூல் இல்லாமையால், அவரே தொகுத்தார். ஸ்பானியக் கதைகள் கொண்ட சிறு வாசகம் 1830இல் வெளிவந்தது. பதினைந்தாம் நூற்றாண்டுக் கவிஞர் ஹோர்ஹே மன்ரிக்கே தம் தந்தையின் மறைவுக்கு இரங்கிப் பாடிய செய்யுளை ஆங்கிலத்தில் பெயர்த்து 1833இல் வெளியிட்டார். பின்னர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் டிக்னருக்குப்பின் பேராசிரியரானார். அந்த டிக்னரும் 1818இல் மாட்ரிட் சென்று, கோந்தே என்னும் அறிஞரைத் துணைக்கொண்டு பழஞ்செய்யுள் பயின்றவரே. ஸ்பானிய இலக்கிய வரலாற்றை 1849இல் மூன்று தொகுதிகளாகத் தந்தவரும் அவரே.

ஆசிரியர் கொள்ளத்தக்கது

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். ஆயினும், ஏட்டை அறவே தள்ளியவனும் ஆசிரியனாகான். அடுப்பங்கரைப் பேச்சு மட்டும் அறிந்தவன் மொழியின் பழஞ்செல்வத்தை மாணவர்க்குக் காட்ட இயலாது; நூல் மட்டும் அறிந்தவன் வாயில் மொழி உயிர்பெறாது. மோந்தேரா தெருவின் இல்லமும் ரிச்சின் நூலகமும் ஒருங்கே வாய்த்தமையால்தான், இருபது வயது இளைஞர் ஒருவர் இரண்டே ஆண்டுகளில் ஸ்பானிய மொழியைக் கற்பிக்கும் தகுதியோடு வகுப்பறையில் நிற்க முடிந்தது. எம்மொழியைக் கற்பிப்போரும் தம் மாணவர்க்கு இவ்விரண்டு வாயில்களையும் திறந்துவைத்தல் கடனாகும். ஒன்றைத் திறந்து மற்றொன்றைச் சாத்திவைப்பது அரைக்கல்வியே.