விளையாட்டின் விதியும் நாட்டின் சட்டமும்

வலைப்பின்னல் வழியே பல்லாயிரவர் ஒரே வேளையில் கூடி ஆடும் கணினி விளையாட்டுகளை நேயர்களில் பலர் தம் இல்லத்து இளைஞரிடம் கண்டிருப்பீர்கள். ஆட்டத்துக்கு முன் திரையில் நீண்டதோர் ஒப்பந்தம் தோன்றும். படியாமலே 'இசைகிறேன்' என்று அழுத்திவிடுகிறோம். அவ்வொப்பந்தத்துக்கு மாறாக, வெளியார் ஆக்கிய கருவியொன்றின் துணைகொண்டு ஆடினால் அஃது எத்தகைய தவறு? அமெரிக்க நீதிமன்றங்கள் இவ்வினாவை ஆழ்ந்து ஆராய்ந்த வழக்கு ஒன்று உண்டு.

'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' என்னும் விளையாட்டைப் பிளிஸார்டு நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்டது. அதில் ஆடுவோர் பகைவரை வென்று, பொருள் ஈட்டி, படிப்படியாக உயர வேண்டும். தொடக்கப் படிகள் சலிப்பூட்டுவன. நிரல் எழுதுவதில் வல்லவரான ஒருவர் 'கிளைடர்' என்ற மென்பொருளை ஆக்கி 2005-இல் விற்கத் தொடங்கினார். ஆடுபவர் உறங்கினாலும் கிளைடர் அவருக்காகப் போரிடும்! விற்பதற்கு முன் அவர் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்து, இதற்குத் தடையில்லை என்றே முடிவு செய்தார் என்பது தீர்ப்பில் காணப்படுகிறது.

அவ்வாண்டு செப்டம்பரில் நிறுவனம் 'வார்டன்' என்னும் காவல் நிரலை ஏவியது. கிளைடரைக் கையாண்டோருள் பெரும்பாலார் வெளியேற்றப்பட்டனர். அவர் அத்துடன் நின்றிருக்கலாம், நிற்கவில்லை. காவலன் கண்ணில் படாதவாறு கருவியைத் திருத்தினார். கூடுதல் பாதுகாப்பு வேண்டுவோரிடம் மாதம் 5 டாலர் தனிக் கட்டணமும் பெற்றார். 2008 செப்டம்பருக்குள் ஏறத்தாழ 1,20,000 உரிமங்கள் விற்று, 35 லட்சம் டாலர் திரண்டது. நேர்மையாக ஆடியோர் மனம் கசந்தனர். 2004 டிசம்பர் முதல் 2008 மார்ச் வரை இத்தகைய தானியங்கிக் கருவிகளைக் குறித்து நிறுவனத்துக்கு வந்த முறையீடுகள் 4,65,000.

2006 அக்டோபரில் நிறுவனத்தின் சார்பாளர் அவர் இல்லத்துக்கே சென்று, விற்பனையை நிறுத்தி இலாபம் முழுவதையும் ஒப்படைக்குமாறு எச்சரித்தனர். அவரோ முந்திக்கொண்டு தாமே நீதிமன்றத்தை நாடினார்.

நிறுவனத்தின் வாதம் நுட்பமானது. ஆட்டம் நடக்கையில் விளையாட்டின் நிரல் கணினியின் நினைவகத்தில் படியெடுக்கப்படுகிறது. ஒப்பந்தத்தை மீறியவருக்கு அவ்வாறு படியெடுக்கும் உரிமை இல்லை. ஆகவே அது பதிப்புரிமை மீறல் என்றது. அரிசோனா மாவட்ட நீதிமன்றம் 2008-இல் இதனை ஏற்றது. 2009-இல் விதிக்கப்பட்ட தொகை 65 லட்சம் டாலர். கருவி விற்று வந்த வரவு முழுவதையும் விஞ்சிய தொகை இது.

ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010 டிசம்பர் 14 அன்று வேறுவிதமாகக் கண்டது. பதிப்புரிமையாளர் தரும் அனுமதிக்கு எல்லை வகுக்கும் நிபந்தனை வேறு. ஒப்பந்தத்தில் ஒருவர் அளிக்கும் வாக்குறுதி வேறு. தானியங்கிக் கருவியைக் கையாளேன் என்பது வாக்குறுதியே. அதை மீறுவது ஒப்பந்த மீறல். பதிப்புரிமை மீறல் ஆகாது. பிற மாநிலங்களில் வாடகைக்குக் குடியிருக்கும் நமக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். புலால் சமைப்பதில்லை என்று கையொப்பமிட்டவர் சமைத்துவிட்டால், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லலாம். வீட்டைத் திருடிவிட்டார் என்று காவல் நிலையத்துக்குச் செல்ல இயலாது. மறுவாறு கொண்டால், நிறுவனங்கள் தமக்குப் பிடிக்காத எச்செயலையும் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிப் பதிப்புரிமைக் குற்றமாக்கிவிடக் கூடும் என்று நீதிமன்றம் கருதியது. இவ்வச்சம் முற்றிலும் நியாயமானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆயினும் கிளைடர் முழுதும் தப்பவில்லை. மின்னணுப் படைப்புகளுக்கு இட்ட பூட்டைக் கடக்கும் கருவிகளை விற்பதை 1998-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டமொன்று தடுக்கிறது. வார்டன் அத்தகைய பூட்டு என்றும், அதை ஏய்க்கக் கருவி விற்றது அச்சட்டத்துக்கு மாறானது என்றும் மேல்முறையீட்டிலும் உறுதி செய்யப்பட்டது. கருவியை ஆக்கியதை விட அதை ஒளித்ததே அவருக்கு வினையாயிற்று. ஆடுவோருடன் நிறுவனம் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் அவர் குறுக்கிட்டாரா என்ற கேள்வி மீண்டும் கீழ் நீதிமன்றத்துக்கே அனுப்பப்பட்டது.

வெளியார் கருவிகள் அனைத்தையும் அந்நிறுவனம் ஒதுக்கியதில்லை. திரையின் அமைப்பை மாற்றவும், போரின் கணக்கைக் காட்டவும் ஆர்வலர் எழுதிய துணைநிரல்களுக்கு அது முதலிலிருந்தே இடமளித்தது. 2009 மார்ச்சில் அவற்றுக்கும் விதிகள் வகுத்தது: துணைநிரலின் வரிகள் எவரும் படிக்குமாறு வெளிப்படையாக இருத்தல் வேண்டும், அதற்கு விலை பெறலாகாது. அதுவரை காசுக்கு விற்றுவந்த சிலர் அவ்வாணிகத்தைக் கைவிட நேர்ந்தது.