எதிரில் வருகிறவன் கண்

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை வைத்துப் பராமரிக்கிறவர்களிடையே ஹெட்லைட்டுக்கு மஞ்சள் கண்ணாடி மாட்டும் ஆசை இன்று உலகம் முழுவதும் பரவியிருக்கிறது. முப்பது வருஷங்களுக்கு முன் கழித்துப் போட்ட ஒரு நிறம் இப்போது தேடி வாங்கப்படுகிறது. பணமும் ஓய்வும் உள்ளவர்களின் அலங்கார ஆசை என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் அந்த மஞ்சளுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. எதிரில் வருகிறவனுடைய கண்ணைப் பற்றிக் கவலைப்பட்டு ஓர் அரசாங்கம் சட்டம் போட்டுக் கொண்டுவந்த நிறம் அது. கவலை எப்படிக் கரைந்தது, நிறம் மட்டும் எப்படி மிஞ்சியது என்பது பார்க்கத் தகுந்த விஷயம். ஒரு வடிவம் தன் காரணத்தை இழந்த பின்னும் எப்படி உயிர் வாழ்கிறது என்ற கேள்வி கவிதை எழுதுகிறவர்களுக்கு அந்நியமான கேள்வி இல்லை.

விளக்குகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று காண்பதற்காக ஏற்றுவது; மற்றது காணப்படுவதற்காக ஏற்றுவது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் இந்த வித்தியாசத்தை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கார்த்திகை தீபத்தன்று, மேற்கே அண்ணாமலையின் 2668 அடி உச்சியில் கொப்பரையில் எரியும் நெய்த் தீபம் எவருக்கும் பாதை காட்டுவதற்காக எரிவதில்லை. அதைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு அவரவர் வாசலில் அகல் ஏற்ற வேண்டும். மாட்டு வண்டியின் அச்சுக்குக் கீழே ஆடிக்கொண்டு வந்த அரிக்கேன் விளக்கும் இந்த வகைதான். மாட்டுக்கு வழி தெரியும்; வண்டிக்காரன் பாதித் தூக்கத்தில் இருப்பான். விளக்கு மற்றவனுக்காக.

மோட்டார் காரின் முன்விளக்கு முதல் வகையைச் சேர்ந்தது. அந்த வகைக்கு ஒரு சாபம் உண்டு. தான் காண்பதற்காக வீசும் வெளிச்சமே எதிரில் வருகிறவனைக் குருடாக்குகிறது. திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர், செஞ்சி, திண்டிவனம் என்று கிழக்கே போகும் சாலையில் இரவில் போயிருக்கிறவர்கள் இதை அனுபவித்திருப்பார்கள். எதிரே வரும் லாரியின் விளக்கு கண்ணில் விழும் இரண்டு மூன்று வினாடிக்குச் சாலையே இருப்பதில்லை. ஓரத்தில் நடக்கிறவன் இல்லை, விளக்கில்லாத சைக்கிள் இல்லை, பௌர்ணமிக்குக் கிரிவலம் போகக் கூட்டமாக நடந்து வருகிறவர்களும் இல்லை. இருளில் இருந்தவர்கள் வெளிச்சத்தில் காணாமல் போகிறார்கள்.

இதற்கு மனிதர்கள் கண்டுபிடித்த முதல் உருப்படியான பரிகாரம் 1920களின் நடுவில் வந்தது. ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள். ஒன்று தூரத்துக்கு, மற்றது தாழ்வாக. நம் டிரைவர்கள் 'டிம் அடிப்பது' என்று சொல்லும் மரியாதை அங்கிருந்து வருகிறது. ஆனால் வசதி இயந்திரத்துடையது. டிம் அடிப்பதும் அடிக்காததும் ஓட்டுகிறவன் குணம். பிரான்ஸ் அந்தக் குணத்தை மட்டும் நம்பி இருக்கவில்லை. வெளிச்சத்தின் நிறத்திலேயே கை வைத்தது. மஞ்சள் வெளிச்சம் வெள்ளையைவிடக் குறைவாகவே கண்ணைக் கூசச் செய்யும் என்று பிரெஞ்சு விஞ்ஞான அகாதமி 1934ல் அபிப்பிராயம் சொன்னது. 1936 நவம்பரில் அது உத்தரவாயிற்று. சில வருஷங்களில் பிரான்சின் சாலைகளில் ஓடும் மோட்டார் வண்டிகளின் முன்விளக்கு மஞ்சளாக இருந்தே தீர வேண்டும் என்றாகியது. அப்போது பிரெஞ்சுக் கொடி, கீழ்பென்னாத்தூருக்கு நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் புதுச்சேரியிலும் பறந்துகொண்டிருந்தது. அது இறங்க 1954 நவம்பர் 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

போர் வந்தால் இரவில் ஜெர்மன் வண்டியிலிருந்து பிரெஞ்சு வண்டியைப் பிரித்து அறியத்தான் மஞ்சள் என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. கதை சுவாரஸ்யமானது, ஆனால் அகாதமி பேசியது கண்ணைப் பற்றி. ஒரு சமூகம் மற்றவனின் கண்ணைக் காப்பதற்காகச் செய்த காரியத்தைப் பின்னால் வந்தவர்கள் எதிரியை அடையாளம் காணும் தந்திரமாக நினைவு வைத்துக்கொண்டார்கள் என்பதை மட்டும் கவனித்துக்கொண்டு மேலே போகலாம்.

அந்த மஞ்சள் எப்படிப்பட்ட மஞ்சள்? இண்டிகேட்டரின் ஆரஞ்சு அல்ல. வெள்ளை வெளிச்சத்திலிருந்து ஊதாவையும் நீலத்தையும் மட்டும் வடித்துவிட்டால் மிஞ்சுவது. நீலம் கண்ணுக்குத் தொந்தரவு தரும் நிறம். மற்ற நிறங்கள் விழித்திரையில் குவியும்போது அது சற்று முன்னதாகவே குவிந்து கலங்கலை உண்டாக்குகிறது. நாம் கூர்ந்து பார்க்கப் பயன்படுத்தும் விழித்திரையின் நட்டநடுப் புள்ளியில் நீலத்தை உணரும் செல்கள் கிட்டத்தட்ட இல்லை. ஆக, நீலத்தை எடுத்துவிடுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மஞ்சள் மூடுபனியை ஊடுருவும் என்ற நம்பிக்கைக்கு அதே பலம் கிடையாது. வானத்தை நீலமாக்கும் ஒளிச்சிதறல் காற்றின் மூலக்கூறுகள் செய்வது. மூடுபனியின் நீர்த்துளி அவற்றைவிட மிகப் பெரியது. அது எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிக்கிறது. பனிக்காலத்தில் ஹெட்லைட்டில் மஞ்சள் தாள் ஒட்டுகிறவர்களுக்குக் கிடைக்கும் நன்மையில் பெரும்பங்கு வெளிச்சம் குறைவதால் வருவதாகவே இருக்க வேண்டும். மஞ்சள் வடிகட்டி ஏறக்குறைய 15 சதவீதம் வெளிச்சத்தைத் தின்றுவிடும்.

மஞ்சளாக்கப் பல வழிகள் இருந்தன. பல்பின் கண்ணாடியையே காட்மியம் சேர்த்து மஞ்சளாக வார்ப்பது, பல்புக்கு மேல் மஞ்சள் தொப்பி மாட்டுவது, வார்னிஷ் பூசுவது, முன் லென்ஸையே மஞ்சள் கண்ணாடியில் செய்வது. மார்ஷல், ஸிபியே என்ற இரண்டு பிரெஞ்சுக் கம்பெனிகள் இதில் பெயர் பெற்றன. இவர்களுடைய விளக்குகள் இரவுப் பந்தயங்களில் மாட்டப்பட்டபோதுதான் மஞ்சளுக்கு ஒரு கவர்ச்சி ஒட்டிக்கொண்டது. ஆல்பைன் ஏ110 என்ற சிறிய நீலக் கார் மான்டி கார்லோ ராலியை 1971லும் 1973லும் வென்றது. பனி படிந்த மலை வளைவில் நான்கைந்து மஞ்சள் விளக்குகளோடு திரும்பும் அந்தக் காரின் புகைப்படத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள்தாம் இன்று மஞ்சள் லென்ஸ் தேடுகிறார்கள்.

அதே ராலியில் 1966ல் நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாக்கினன், ஆல்டோனன், ஹாப்கிர்க் ஓட்டிய மூன்று பிரிட்டிஷ் மினி கூப்பர்கள் முதல் மூன்று இடங்களைப் பிடித்தன. பந்தயம் முடிந்த பின் நடந்த சோதனையில் மூன்றும் தகுதி நீக்கம் செய்யப்பட்டன. நான்காவதாக வந்த பிரிட்டிஷ் ஃபோர்டுக்கும் அதே கதி. பரிசு ஸிட்ரோயன் ஓட்டிய டொய்வோனனுக்குப் போயிற்று. குற்றம் என்ன? அப்போது புதிதாக வந்திருந்த ஒற்றை இழை அயோடின் பல்பை முன்விளக்கில் போட்டிருந்தார்கள். ஒற்றை இழையைத் தாழ்த்த முடியாது. விதி கேட்ட விதத்தில் டிம் அடிக்க அந்த விளக்கால் இயலாது. விதியின் எழுத்துப்படி குற்றம்தான். ஆனால் பிரிட்டிஷ் பத்திரிகைகள் இதைப் பிரெஞ்சுச் சதி என்று எழுதின. இன்றுவரை அப்படித்தான் நினைவுகூரப்படுகிறது. எதிரில் வருகிறவனின் கண்ணைக் காக்க எழுதிய விதி தேசங்களின் சண்டையில் ஆயுதமாயிற்று. அந்த அமளியில் கண்ணைப் பற்றிப் பேசியவர்கள் யாரும் இல்லை.

மஞ்சளின் பக்கம் இருந்த விஞ்ஞானமும் நாளடைவில் மெலிந்தது. 1968ல் இங்கிலாந்தில் நடந்த பரிசோதனையில், ஒரே அளவு வெளிச்சம் என்றால் மஞ்சளில் பார்வைக் கூர்மை ஏறக்குறைய 3 சதவீதமே கூடுதல் என்று தெரிந்தது. 1976ல் ஹாலந்தில் நடந்த ஆராய்ச்சி, விபத்துத் தடுப்பில் இரண்டும் ஒன்றே, ஆனால் மஞ்சள் கண்ணுக்கு எரிச்சல் குறைவு என்றது. ஆக, பிரெஞ்சுக்காரர்கள் முழுக்கத் தவறில்லை. சட்டம் போடும் அளவுக்குச் சரியும் இல்லை. ஐரோப்பா ஒரே சந்தையாகச் சேர்ந்தபோது 1993 முதல் புதிய கார்களுக்கு வெள்ளை என்று முடிவாயிற்று. பழைய கார்கள் மஞ்சளோடு ஓடலாம். சட்டம் போனதும் மஞ்சள் அடையாளச் சின்னமாக மாறியது. லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் பிற்காலத்தில் ஜி.டி. வகைக் கார்களுக்கு மஞ்சள் விளக்கு வைத்தார்கள். பின்னாலிருந்து வருவது எந்த வகைக் கார் என்று முன்னால் போகிறவன் தன் கண்ணாடியில் பிரித்து அறிவதற்காக. காண்பதற்கான விளக்கு காணப்படுவதற்கான விளக்காகிவிட்டது.

நம் ஊருக்கு வரலாம். சென்னையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953ல் ஏற்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதை ஒன்று சோழவரத்தில் பந்தயக் களமாயிற்று. வண்டலூர்ப் பக்கத்தில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இங்கே டாக்டர்களும் வக்கீல்களும் ஓட்டிய குடும்பக் கார். அதன் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962ல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். எலும்பு நமக்கும் கிடைத்தது, உடம்பு கிடைக்கவில்லை. கண் கூச்சத்துக்கு நாம் கண்ட பரிகாரம் மஞ்சளைவிட மலிவானது: ஹெட்லைட் நடுவில் கறுப்புப் பெயின்ட், அல்லது போலீஸ்காரர் சாலையில் நிறுத்தி ஒட்டும் கறுப்பு ஸ்டிக்கர். அதற்கு அழகு இல்லை, பௌதிக நியாயமும் குறைவு. ஆனால் 1936 பாரிஸ் உத்தரவின் ஏழைத் தம்பி அது. அக்கறை ஒன்றுதான். அதை நாளைக்கு யாரும் தேடி வாங்கி மாட்டப்போவதில்லை என்பதுதான் வித்தியாசம்.

இப்போது ஒருவர் இங்கே தம்முடைய பழைய எம்.ஜி.க்கு மஞ்சள் கண்ணாடி போட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காரியம் சுலபம். எம்.ஜி.பி., அம்பாஸடர், புல்லட் மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் ஏழு அங்குல வட்ட விளக்குதான். பிரான்சிலிருந்து அசல் மஞ்சள் லென்ஸ் வரவழைத்தால் அச்சாகப் பொருந்தும். அங்கேதான் ஆபத்து. ஹெட்லைட் லென்ஸ் வெறும் நிறக் கண்ணாடி இல்லை. அதன் உட்புறத்தில் இருக்கும் வரிகளும் பட்டைகளும் வெளிச்சத்தை மடக்கி அனுப்புகின்றன. 1950களின் பிற்பாதியிலிருந்து ஐரோப்பிய விளக்குகளின் தாழ்ந்த வெளிச்சம் இரு பக்கமும் சமமாக விழுவதில்லை. தன் பக்கத்துச் சாலையோரம் தெரியட்டும் என்று ஓரத்தை நோக்கி மேலே ஏறும். எதிர்ப் பக்கம் தாழ்ந்தே இருக்கும். பிரான்சில் வண்டிகள் வலப்புறம் போகின்றன. அங்கே செய்த லென்ஸ் வலப்பக்கம் வெளிச்சத்தைத் தூக்குகிறது. நாம் இடப்புறம் போகிறவர்கள். நமக்கு வலப்பக்கம் என்பது எதிரில் வருகிறவன். அவன் கண் கூசக் கூடாது என்று பிறந்த மஞ்சள், செஞ்சி சாலையில் நேராக அவன் கண்ணிலேயே போய் விழும், டிம் அடித்த பிறகும். அசல் பொருளை அசலாகவே கொண்டுவந்து மாட்டியதன் பலன் இது.

அசல் என்பதே இங்கே சிக்கலான சொல். பதிவு செய்த வண்டியைத் தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகள் மூல வடிவில் பாதுகாக்கப்பட்டிருந்தால் தனி எண்ணில் பதிவு செய்யலாம் என்று 2021ல் மத்திய அரசின் விதிகள் வந்தன. ஆனால் ஆபிங்டன் தொழிற்சாலையிலிருந்து ஒரே நாளில் வெளியேறிய இரண்டு எம்.ஜி.பி.க்களில் இங்கிலாந்தில் விற்றதற்கு வெள்ளை, பிரான்சுக்குப் போனதற்கு மஞ்சள். எது மூலபாடம்? ஏடு பதிப்பிப்பவர்களுக்குத் தெரியும்: பாடபேதம் என்பது பிழை மட்டும் இல்லை, எந்த ஊரில், யார் வாசிப்பதற்காக எழுதப்பட்டது என்பதன் தடயமும் அதில் இருக்கிறது. வேறு ஊர்ப் பாடத்தை அது அழகாக இருக்கிறது என்பதற்காக எடுத்து இங்கே நுழைக்கிறவர், அந்த ஊர்க்காரன் சாலையின் எந்தப் பக்கம் நடந்தான் என்பதையும் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். நவீனத்துவத்தின் பேரில் நாம் இறக்குமதி செய்த பல வடிவங்களுக்கும் இதைப் பொருத்திப் பார்க்கலாம்.

மஞ்சள் இன்று மலைத் தீபத்தின் வகைக்குப் போய்விட்டது, பார்க்கப்படுவதற்காக எரிகிறது. அதில் தவறில்லை. ஆனால் மலை நின்ற இடத்தில் நிற்கிறது. கார் எதிரில் வருகிறது. மஞ்சள் ஆசை விடவில்லை என்றால் இடப்புறச் சாலைக்கான லென்ஸை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே பல்பை மட்டும் மஞ்சளாக மாற்றினால் போதும். பிறகு காரைச் சமதரையில், ஒரு சுவருக்குப் பத்து மீட்டர் முன்னால் நிறுத்தித் தாழ்ந்த வெளிச்சத்தைப் போட வேண்டும். விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதற்குப் பத்து சென்டிமீட்டர் கீழே சுவரில் வெளிச்சத்தின் மேல்விளிம்பு நிற்க வேண்டும். ஏறியிருந்தால் விளக்கின் ஓரத்தில் உள்ள திருகாணியைத் திருப்பி இறக்கலாம். எந்த நிற விளக்குக்கும் இதே கணக்கு. ஒரு ஸ்க்ரூ டிரைவரும் கால் மணி நேரமும் ஆகும்.