மழையில் பார்க்க வேண்டிய பல்லாவரம் பாறைகள்

பாறை அதிசயம் என்றதும் நம்மில் பலருக்கு ராஜஸ்தானும் அமெரிக்கப் பாலைவனங்களும்தான் நினைவுக்கு வரும். ஆனால் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் மூன்றாவது நிறுத்தத்திலேயே உலகப் புகழ்பெற்ற பாறை இருக்கிறது. பல்லாவரம்!

இந்தக் குன்றுகளைப் பார்க்க மழைக்காலமே ஏற்றது. வெயிலில் தூசி படிந்து சாம்பலாகத் தெரியும் கல், நனைந்ததும் கருநீலமாக மாறிவிடும். காரணம் எளிது. காய்ந்த சொரசொரப்பான பரப்பு வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடிக்கும். மேலே நீர்ப்படலம் படிந்தால் அந்தச் சிதறல் குறைந்து, கல்லின் சொந்த நிறம் தெரியும்.

இந்தக் கல்லின் பெயர் சார்னோக்கைட். பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்தில், சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு உருவானது. பெயர் வந்த கதை வேடிக்கையானது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக்கு நம் ஊர்ப் பக்கத்துக் கல்லைத்தான் பயன்படுத்தியிருந்தார்கள். அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893ல் அவர் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். பரங்கிமலையில் உள்ள இதே பாறை இன்று தேசிய நிலவியல் சின்னம்.

பல்லாவரத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய 28 வயது ராபர்ட் புரூஸ் ஃபூட், இங்கே ஒரு சரளைக் குழியில் மனிதன் செதுக்கிய கற்கருவியைக் கண்டெடுத்தார். ஆதி மனிதனின் தொன்மையை ஐரோப்பிய அறிஞர்கள் ஏற்றுக்கொண்டதே 1859ல்தான். நான்கே ஆண்டுகளில் இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு நம் பல்லாவரத்தில் தொடங்கிவிட்டது! அந்தக் கருவி குன்றின் கல்லால் ஆனதல்ல, குவார்ட்சைட் என்ற வேறு கல். அது கிடைத்த செம்புரைச் சரளைக்கும் மழைக்கும் நெருங்கிய உறவு உண்டு. பல்லாயிரம் ஆண்டு மழை பாறையைக் கரைத்து, கரையாத இரும்பை விட்டுச்சென்றதால் வந்த சிவப்பு அது.

அதே ஆண்டு ஃபூட்டும் வில்லியம் கிங்கும் திருவள்ளூர் பக்கம் அதிரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார்கள். அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று சாந்தி பப்பு குழுவினர் 2011ல் அறிவித்தார்கள்.

பிறகு வந்தவர்களும் இந்தக் குன்றுகளை விடவில்லை. 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் இங்கே ஒரு குடைவரை வெட்டினான். அது பிற்காலத்தில் தர்காவானது. ஒரே பாறையில் இரண்டு வழிபாட்டின் வரலாறு.

வருத்தமான பகுதி இனிமேல்தான். பல்லாவரம், திரிசூலம் குன்றுகளில் பெரும்பங்கை வீட்டுக்கும் சாலைக்கும் ஜல்லியாக உடைத்துவிட்டோம். மிஞ்சியவை ஆழமான கல்குவாரிகள். அவற்றிலும் ஒரு பயன் வந்தது: 2017 வறட்சியில் குன்றத்தூர் அருகே சிக்கராயபுரம் குவாரி நீரைச் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். ஆனாலும் 250 கோடி ஆண்டு நிலைத்திருந்த பாறை, நம் ஒரு நூற்றாண்டுக்குத் தாங்கவில்லையே!

மிச்சமிருப்பதையாவது ஒரு மழை ஓய்ந்த மாலையில் போய்ப் பாருங்கள் நண்பர்களே. பாறை வழுக்கும், கவனம். குவாரித் தண்ணீரில் மட்டும் இறங்கவே இறங்காதீர்கள். நீச்சல் தெரிந்தவர்களையே விழுங்கிய ஆழம் அது.