குணசீலமும் சிகிச்சைச் சமூகமும்

குணசீலம், திருச்சிராப்பள்ளியிலிருந்து முசிறி செல்லும் சாலையில் ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில், காவிரியின் வடகரையில் உள்ள வைணவத் தலம். மூலவர் பிரசன்ன வேங்கடாசலபதி. மனநலம் குன்றியவர்களைக் குடும்பத்தார் அழைத்துவந்து, ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கவைத்து வழிபடும் வழக்கம் இங்கு நெடுங்காலமாக உண்டு. கோயிலைச் சார்ந்து அரசு உரிமம் பெற்ற மனநல மறுவாழ்வு மையமும் இயங்குகிறது. சேர்ந்து வாழ்வதையே மருந்தாகக் கொள்ளும் 'சிகிச்சைச் சமூகம்' என்ற கருத்துக்குத் தமிழ்நாட்டில் வேர் தேடுவோர் முதலில் வந்து பார்க்க வேண்டிய ஊர் இது.

தங்கியிருப்பவர்களின் நாள் கோயில் பூஜைகளை ஒட்டியே நகர்கிறது. உச்சிகால பூஜையிலும் அர்த்தஜாம பூஜையிலும் அவர்களைச் சந்நிதிக்கு முன் அமர்த்தி, அர்ச்சகர் முகத்தில் தீர்த்தம் தெளிக்கிறார். கையில் ஊற்றித் தரும் தீர்த்தம் போன்றதல்ல. முகத்தில் அறைந்தாற்போல் விழும் தண்ணீர். பெரும்பாலும் தாயோ மனைவியோ அண்ணனோ பக்கத்திலேயே இருக்கிறார்கள். நோயாளியைத் தனியே விட்டுவிட்டுப் போகாமல் வீட்டாரும் உடன் தங்குவதுதான் இந்த முறையின் உயிர்நாடி. பேயோட்டும் இடம் என்று மட்டும் குணசீலத்தைச் சொல்வது பாதி உண்மைகூட ஆகாது. குறித்த நேரத்துக்கு எழுவது, குளிப்பது, நாலு பேரோடு உட்காருவது, இத்தனை நாள் என்று ஒரு கணக்கு இருப்பது ஆகியவை குலைந்த மனத்துக்கு எவ்வளவு பெரிய பிடிமானம் என்பதை நோயாளியோடு வாழ்ந்தவர்கள் அறிவார்கள்.

இத்தகைய கோயில் வாழ்க்கை ஒருமுறை முறையாக அளந்து பார்க்கப்பட்டது. தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை மனநல மருத்துவர் ஆர். ரகுராமும் குழுவினரும் ஆராய்ந்து, 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டனர். பெரும்பாலோருக்கு மனச்சிதைவு நோய். சராசரித் தங்கல் ஆறு வாரம். அங்கே தனிச் சடங்கு எதுவும் நடத்தப்படவில்லை. அவர்கள் காலைப் பூஜையில் கலந்துகொண்டார்கள், கோயிலைக் கூட்டினார்கள், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அறிகுறிகளின் அளவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத சிறிய ஆய்வு இது. இதைக் காட்டி மருந்தை நிறுத்தச் சொல்வது ஆபத்து. ஆனாலும் தங்கிய இடமும் அங்கு கிடைத்த ஆதரவும் ஏதோ ஒரு வேலை செய்தன என்பதை ஒதுக்கிவிட முடியாது.

மேற்குலகில் இதே எண்ணம் வேறு வழியாக வந்தது. இரண்டாம் உலகப் போரில் மனம் உடைந்த படைவீரர்களுக்காக இங்கிலாந்தின் நார்த்ஃபீல்டு மருத்துவமனையில் நடந்த முயற்சிகளை ஒட்டி, மனநல மருத்துவர் டாம் மெயின் 1946இல் 'சிகிச்சைச் சமூகம்' என்ற பெயரை எழுத்தில் வழங்கினார். மற்றொரு மனநல மருத்துவரான மாக்ஸ்வெல் ஜோன்ஸ் அதை வளர்த்தார். மருத்துவரும் நோயாளியும் ஒரே கூட்டத்தில் அமர்ந்து, அன்றாட முடிவுகளைச் சேர்ந்து எடுப்பது அதன் அடிப்படை. குணசீலத்தில் இந்தச் சமத்துவம் கிடையாது. அங்கே விதி கோயிலுடையது. இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டு இரண்டையும் ஒன்றென்று சொல்வது வரலாறாகாது. இந்தியாவிலேயே இடைப்பட்ட வடிவங்கள் உண்டு: 1950களில் அமிர்தசரஸில் மனநல மருத்துவர் வித்யாசாகர் நோயாளிகளின் குடும்பங்களை மருத்துவமனை வளாகத்தில் கூடாரமிட்டுத் தங்கவைத்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் 1957 முதல் உறவினரை உடன் தங்கச் செய்தது. பெங்களூரில் 1979இல் தோன்றிய ஆத்ம சக்தி வித்யாலயா மேற்கத்திய முறைக்கு மிக நெருக்கமானது.

இந்த வரலாற்றுக்கு இருண்ட பக்கமும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று, மனநோயாளிகள் தர்காவை நாடி வந்து தங்கும் ஏர்வாடியில் தனியார் காப்பகமொன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினர். வழிபாட்டிடத்தைச் சுற்றி வளரும் காப்பகங்களின் வரலாற்றை எழுதும் எவரும் அவர்களைத் தாண்டிப் போகக் கூடாது. உரிமம் இல்லாத காப்பகங்கள் அதன் பின்பே மூடப்பட்டன. சங்கிலியிடுவதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கிறது.

திருச்சி வட்டாரத்துக்கு நோய் தீர்த்தலைப் பதிந்துவைக்கும் பழக்கம் புதிதல்ல. திருவரங்கம் கோயிலில் இருந்த ஆரோக்கியசாலை புதுப்பிக்கப்பட்டதையும், அதைப் பேணிய கருடவாகன பட்டர் குடும்பத்தையும், தன்வந்திரி பிரதிஷ்டையையும் சக ஆண்டு 1415, அதாவது கி.பி. 1493, கல்வெட்டு சொல்கிறது. தன்வந்திரி சந்நிதி இன்றும் அங்கு உள்ளது. ஆனால் கல்வெட்டில் இருப்பவர்கள் கொடையாளரும் மருத்துவரும். அங்கே கிடந்து எழுந்தவர்கள் இல்லை. குணசீலத்துக்கு அந்தக் குறை நேரக் கூடாது. 48 நாளும் உடனிருந்த தாய்மார், தீர்த்தம் தெளித்த அர்ச்சகர்கள், அறை வாடகைக்கு விட்ட தெருவினர், குணமாகித் திரும்பியவர்கள், குணமாகாமல் திரும்பியவர்கள் ஆகிய எல்லோருடைய பேச்சும் பதிவாக வேண்டும். இங்கிலாந்தின் டாடிங்டனில் 1989இல் தொடங்கிய சிகிச்சைச் சமூக ஆவணக்காப்பகம் அப்படித்தான் வாய்மொழி நினைவுகளையும் சேர்த்தது. பதிவேடுகளில் உள்ள பெயர்கள் மட்டும் வேறு விஷயம். நோய் விவரத்தின் மறைவுரிமையை 2017 சட்டம் காக்கிறது; ஒருவர் தாமாக முன்வந்து சொன்னதைத் தவிர வேறெதையும் பெயரோடு வெளியிட யாருக்கும் உரிமை கிடையாது.