வைப்பாற்றுப் படுகையின் குளிர்கால மீன்பிடிப்பு

விருதுநகர் மாவட்டத்தின் வைப்பாறும், அதில் சேரும் அர்ச்சுனா நதி முதலிய ஆறுகளும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடப்பவை. ஐப்பசி முதல் மாசி வரையில்தான் ஆறு, அணை, கண்மாய் எங்கும் நீரைப் பார்க்கலாம். தூண்டிலும் வீச்சுவலையும் வெளியே வருவதும் அப்போதுதான். இங்கே குளிர்கால மீன்பிடிப்பைத் தீர்மானிப்பது குளிர் அல்ல. நீர் எவ்வளவு வந்தது, எப்போது தெளிந்தது என்பதே.

அமெரிக்காவின் மேற்கு மலை மாநிலங்களில் நிலைமை நேர்மாறானது. மொன்டானாவின் மாடிசன், மிசௌரி போன்ற ஆறுகளில் டிரவுட் மீனுக்குத் தூண்டில் போடுபவர் குளிர்காலத்தில் முதலில் நீரின் வெப்பத்தைத்தான் அளந்து பார்ப்பார். நீர் 4, 5 டிகிரிக்கு இறங்கினால் மீனின் இரைதேட்டம் மந்தமாகி, ஓட்டம் குறைந்த ஆழமான மடுக்களில் அது ஒதுங்கிவிடும். இறகும் நூலும் கொக்கியில் கட்டிச் செய்த பொய்ப்பூச்சியை அதன் வாயருகே மிதந்துவரச் செய்தால்தான் கவ்வும். நண்பகலையொட்டிய சில மணி நேரமே அதற்கு வாய்ப்பு. சிவகாசி, சாத்தூர் பக்கத்திலோ மார்கழி இரவிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். பகலில் 30 டிகிரியை நெருங்கும். டிரவுட் மீன் 25 டிகிரிக்கு மேற்பட்ட நீரில் நெடுநேரம் தாங்காது.

தமிழ்நாட்டில் அந்த மீன் நிலைத்த இடம் நீலகிரி. 1863இல் பிரான்சிஸ் டே தொடங்கிய முயற்சிகள் பலிக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை அரசின் மீன்வளர்ப்பு வல்லுநராக வந்த எச். சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து, இலங்கையிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வருவித்த வானவில் டிரவுட்டை மலையோடைகளில் நிலைநிறுத்தினார். உறைபனி விழும் அந்த 2,000 மீட்டர் உயரத்தோடு வைப்பாற்றுச் சமவெளியை ஒப்பிடவே முடியாது. இங்குள்ள மீன்கள் வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கப் பழகியவை.

விருதுநகர் மாவட்டம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கிறது. ஆண்டு மழை ஏறத்தாழ 800 மி.மீ. அதில் பாதியளவு வடகிழக்குப் பருவமழையில் கிடைப்பது. தீக்குச்சி காய உகந்த இந்த வறண்ட வெயில்தான், 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் சிவகாசியில் வேரூன்றத் துணைநின்றது. அதன் தொடர்ச்சியாக அங்கே வளர்ந்த பட்டாசு ஆலைகள் தீபாவளியோடு சில வாரம் மூடப்படும். கண்மாய்கள் பெருகுவதும் அந்த வாரங்களில்தான் என்பதால், ஓய்வில் இருக்கும் தொழிலாளர்கள் பலரைக் கரையில் தூண்டிலோடு பார்க்கலாம்.

இருந்தாலும் பருவத்தின் முதல் வெள்ளம் தூண்டிலுக்கு அவ்வளவாக உதவாது. கரிசல் ஓடைகளின் நீரில் நுண்ணிய களிமண் நாள்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். இரையை மீனால் காண முடியாது. ஆனால் அந்தப் புதுத்தண்ணீர்தான் மீன்களைக் கிளப்பிவிடுகிறது. கண்மாய் நிறைந்து கலுங்கு வழியாக மறுகால் பாயும்போது அயிரையும் கெண்டையும் நீரோட்டத்தை எதிர்த்து ஏறும். கலுங்கின் கீழே வலை விரிப்பவர்கள் காத்திருக்கும் நேரம் அதுவே. முட்டையிட ஏறும் மீனை ஒட்டுமொத்தமாக அள்ளிவிட்டால் அடுத்த ஆண்டுக்கு விதை இருக்காது என்பதை ஒவ்வொரு கண்மாய்க் கரையிலும் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. மலையடிவாரத்தின் மணற்பாங்கான ஓடைகள் விரைவில் தெளிந்துவிடும். கரிசல்காட்டுக் கண்மாய்கள் தெளிய மார்கழி ஆகும். தூண்டிலுக்கான நல்ல காலம் மார்கழியிலிருந்து மாசி வரை. ஆழமற்ற, செடி மண்டிய கண்மாய்களில் விடியற்காலை நீரில் உயிர்வளி மிகக் குறைந்திருக்கும். மூடாக்கான நாள்களில் இது இன்னும் மோசமாகி, கெண்டை வகைகள் மேலே வந்து வாய் பிளக்கும். அப்போது அவை இரை எடுப்பதும் குறைவு. வெயில் ஏறிய பிறகே கரைக்குப் போவது நல்லது.

விராலுக்கு இந்தச் சிக்கல் இல்லை. காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் மீன் அது. கண்மாய் வற்றும்போது ஈரச்சேற்றுக்குள் புதைந்து கிடந்து மழைக்குக் காத்திருக்கும். கோரையும் தாமரையும் நிறைந்த ஓரங்களில் பதுங்கி இரையைப் பாய்ந்து பிடிக்கும். எனவே சிறு தவளையைக் கொக்கியில் கோத்து நீரின்மேல் துள்ளவிடுகிறார்கள். பொய்ப்பூச்சி வீசும் மேற்கத்திய முறைக்கு இங்கே நெருங்கி வருவது இந்த விரால் தூண்டில்தான். இரை தானாக அசைவதுபோல் காட்டும் கைத்திறமைக்கு இரண்டிலும் ஒரே மதிப்பு. விரால் தன் செந்நிறக் குஞ்சுக்கூட்டத்தைக் காவல்காத்துத் திரியும்போது அதன்மேல் தூண்டில் போடக் கூடாது. காவல் போனால் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகிவிடும்.

ஆழமான நீருக்கு அணைகள் உள்ளன. வத்திராயிருப்புக்கு மேற்கே பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகள், வைப்பாற்றில் வெம்பக்கோட்டை, அர்ச்சுனா நதியில் ஆனைக்குட்டம், கோல்வார்பட்டி, கௌசிகா நதியில் குல்லூர்சந்தை. பிளவக்கல் அணைகளுக்கு மேலுள்ள மலையோடைகளின் பெரும்பகுதி 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வருவதால் அங்கே மீன்பிடிக்க இயலாது. காட்டாற்றின் ஆபத்தும் உண்டு. அடிவாரத்தில் தூறல்கூட இல்லாத வேளையில் மேலே பெய்த மழை சடுதியில் இறங்கிவிடும். 2015 மே மாதம் இம்மலைத்தொடரின் கோயில் மலையான சதுரகிரியில் அப்படி வந்த வெள்ளம் பக்தர்களின் உயிரைப் பறித்தது.

கண்மாய் மீன் பெரும்பாலும் குத்தகைக்கு உட்பட்டது. மீன்பாசி ஏலம் எடுத்தவர் மழைக்குப் பின் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விட்டு, நீர் சுருங்கும்போது வலையிட்டு எடுப்பார். தூண்டில் போடுபவர் அவரிடம் கேட்டுக்கொண்டே இறங்க வேண்டும். சீமைக்கருவேலம் அடைத்த வரத்துக் கால்வாய்களால் பல கண்மாய்கள் நல்ல மழையிலும் நிறைவதில்லை. அங்கே குத்தகைக்கும் ஆள் வருவதில்லை. ஜிலேபி கெண்டை பரவிய நீரில் நாட்டுக் கெண்டைகள் குறைகின்றன. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பு தடைசெய்யப்பட்டது. வெள்ளத்தில் தப்பும் அந்த மீன் கண்மாய்க்குள் நுழைந்தால் அயிரை, குரவை, விரால் குஞ்சு என எதையும் விட்டுவைக்காது. தூண்டிலில் அது மாட்டினால் மீண்டும் நீரில் விடக் கூடாது.