முதுமையும் நினைவாற்றலும்: ஒரு வரலாற்று நோக்கு

1906 நவம்பர் 3 அன்று செருமனியின் தூபிங்கன் நகரில் கூடிய மருத்துவர் அவையில் அலாய்ஸ் அல்சைமர் ஓர் உரை நிகழ்த்தினார். ஐம்பது வயதைக் கடந்த நிலையில் நினைவு தடுமாறி, தம் பெயரையும் முழுமையாக எழுத இயலாது போய், மறைந்துவிட்ட பெண்மணி ஒருவரின் மூளையில் தாம் கண்ட மாற்றங்களை அவர் விளக்கினார். அவையில் வினா எழுப்புவார் எவருமிலர். நான்கு மாதங்கள் கழித்து, 1907 மார்ச்சு 10 அன்று, சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் நிகழ்த்திக் கற்றோரை வியப்பில் ஆழ்த்தினார். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பில்லை. எனினும், மறதி ஒரு நோயாக ஆராயப்படத் தொடங்கிய காலமும், நினைவு ஒரு கலையாக அரங்கேறிய காலமும் ஒன்றாயிருந்தமை எண்ணத்தக்கது.

அக்கலைக்கு நம்மவர் இட்ட பெயரை நோக்குக. 'அவதானம்' என்பதற்குக் கவனம் என்பதே பொருள், நினைவு என்பதன்று. தூய தமிழில் 'கவனகம்' என்றனர். ஈற்றடிக்கு வெண்பா பாடுதல், கணக்கிற்கு விடை கூறுதல், முதுகில் எறியப்படும் மலர்களையும் இடையிடையே ஒலிக்கும் மணியோசையையும் எண்ணி வைத்தல் எனப் பல செயல்களை ஒருங்கே ஆற்றுவோர், வந்தவற்றை வந்தபொழுதே கருத்தில் வாங்கிக் கொண்டனர். வாங்காத ஒன்றை எவ்வாறு மீட்க இயலும்? முதுமையில் 'மறந்துவிட்டது' என்று நாம் வருந்துவனவற்றுட் பல, உண்மையில் செவியிலும் கண்ணிலும் சரியாகப் புகாதவை. (கவியரங்கத்தின் கடைசி வரிசையில் அமர்ந்து, கேளாமலே தலையசைக்கும் பெரியோரை நாம் அறிவோம்.) இலான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக்குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, முதுமை மறதிநோய்க்கு வழிவகுக்கும், நம்மால் மாற்றத்தக்க காரணங்கள் 14 என்கிறது. சீர்செய்யப்படாத செவிக்குறையும் பார்வைக்குறையும், மிகை இரத்த அழுத்தம், நீரிழிவு, உடலுழைப்பின்மை, தனிமை, குறைந்த கல்வி ஆகியன அவற்றுட் சில. இவை அனைத்தையும் களைந்தால் இந்நோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்பது அக்குழுவின் மதிப்பீடு. செவிக்கருவி அணிய நாணுவோர் இதனைக் கருதுதல் வேண்டும்.

முதுமையிலும் நினைவு தளராதிருந்தமைக்கு நாம் காட்டும் சான்று டாக்டர் உ.வே.சாமிநாதையர். 1855இல் பிறந்த அவர், குறுந்தொகையை உரையுடன் 1937இல் பதிப்பித்தபோது அகவை எண்பத்திரண்டு. 1940இல் 'ஆனந்த விகடன்' இதழில் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கியபோது எண்பத்து நான்கு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் மறைந்தவர். அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியைத் தாண்டி, ஆசிரியரின் பேச்சும் நடையும் அந்நூலில் உயிர்ப்புடன் நிற்கின்றன. இதனைப் பிறவிப்பேறு என்று சொல்லிக் கடந்துவிடுதல் எளிது. யான் அவ்வாறு கருதவில்லை. ஐயரவர்கள் தம் ஆசிரியர் வரலாற்றை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக முன்பே எழுதியிருந்தார்; தமக்கு வந்த கடிதங்களைப் பேணி வைத்திருந்தார்; பாடம் சொல்லும்போதும் பேசும்போதும் அந்நிகழ்ச்சிகளைப் பன்முறை எடுத்துரைத்தார். ஏடு படித்தல், பாடவேறுபாடு குறித்தல், இளைஞரோடு உரையாடல் ஆகியவை அன்றாடத் தொழிலாயிருந்தன. உ.வே.சா.வின் நினைவு அவர் உள்ளத்தில் மட்டுமன்று, கடிதக் கட்டுகளிலும் மாணவர் செவிகளிலும் வாழ்ந்தது என்பதே பொருந்தும்.

ஒருவர் வாழ்வைக் கொண்டு பொதுவிதி வகுத்தல் ஆகாது. கற்றோரையும் இந்நோய் தாக்கும். நீண்ட கல்வியும் இடையறாத அறிவுப் பயிற்சியும் நோயின் வெளிப்பாட்டைத் தாமதப்படுத்தலாம் என்றே ஆய்வாளர் கூறுவர். வாராது காக்கும் என்பாரில்லை. ஆகவே, தாம் பாடிய பாட்டையே மறந்த முதுபுலவர் ஒருவரை 'படிப்பை விட்டுவிட்டார்' என்று பழித்தல் அறியாமை, கொடுமையுங்கூட. அவர் பாட்டை நாம் அவருக்குப் பாடிக் காட்டலாமே!

போர் அச்சத்தால் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றம் சென்ற ஐயர் 1942 ஏப்ரல் 28 அன்று அங்கே மறைந்தார். 'என் சரித்திரம்' முற்றுப்பெறவில்லை. எஞ்சிய ஆண்டுகளின் வரலாற்றை, உடனிருந்து கற்ற கி.வா.ஜகந்நாதன் 'என் ஆசிரியப்பிரான்' என்னும் நூலில் எழுதினார்.