எழுதியவர் ஒருவர், காத்தவர் இன்னொருவர்

மென்பொருளை எழுதும் குழுவும், அதைச் சர்வரில் ஏற்றி இரவு பகலாகக் கவனிக்கும் குழுவும் ஒரே பொறுப்பைச் சுமப்பதே டெவ்ஆப்ஸ். உலக அளவில் பார்த்தாலும் இந்த வழக்கம் 2009இல்தான் பெயரும் உருவமும் பெறத் தொடங்கியது. தமிழ்நாட்டில் அது நிலைகொள்ள மேலும் பல ஆண்டுகள் ஆயின. காரணம் பழக்கதோஷம் மட்டுமல்ல. இரண்டு வேலைகளையும் பிரித்து வைத்தது ஒப்பந்தப் பத்திரம்.

1994இல் மென்பொருள் சேவை நிறுவனமான காக்னிசன்ட் சென்னையில் தொடங்கியது. 2000 ஜூலையில் அந்நகரின் தரமணியில் டைடல் தகவல் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. அந்தக் காலத்தில் இங்கே வந்த வேலையில் பெரும்பகுதி அமெரிக்க வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் கொடுத்தது. புதிதாக எழுதித் தருவதற்கு ஓர் ஒப்பந்தம். எழுதியதைப் பராமரிக்க வேறோர் ஒப்பந்தம், பல சமயம் வேறொரு கம்பெனியிடம். முதல் குழுவுக்குக் கெடு தேதியில் முடித்துக் கொடுத்தால் பணம். இரண்டாவது குழுவுக்கு டிக்கெட்டுகளை, அதாவது பதிவான புகார்களை, நேரத்துக்குள் மூடினால் பணம். முதல் குழு அவசரத்தில் விட்ட பிழை இரண்டாவது குழுவுக்கு வருமானம் என்ற விசித்திரமும் இதில் உண்டு.

சட்டமும் தணிக்கையும் இந்தப் பிரிவினையைக் கெட்டிப்படுத்தின. என்ரான் நிறுவனத்தின் கணக்கு மோசடிக்குப் பின் அமெரிக்கா 2002இல் கொண்டுவந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டத்தைக் காட்டி, நிரல் எழுதுகிறவர் புரொடக்‌ஷன் சர்வரை, அதாவது வாடிக்கையாளர் நிஜமாகப் பயன்படுத்தும் சர்வரை, தொடவே கூடாது என்று தணிக்கையாளர்கள் வற்புறுத்தினார்கள். பிரிட்டிஷ் அரசு 1980களில் தொகுக்கத் தொடங்கிய ஐடிஐஎல் என்ற கணினிச் சேவை மேலாண்மை வழிமுறைகளைப் பின்பற்றிய நிறுவனங்களில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு குழு கூடி ஒப்புதல் தர வேண்டியிருந்தது. எல்1, எல்2, எல்3 என்று சப்போர்ட் அடுக்குகள் வளர்ந்தன. தான் எழுதிய நிரல் நிஜ வாடிக்கையாளரிடம் எப்படி ஓடுகிறது என்பதைக் கண்ணால் காணாமலே பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுப் போனவர்கள் சென்னையின் மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த பழைய மகாபலிபுரம் சாலையில் ஏராளம்.

அதன் விளைவு ரிலீஸ் அன்று தெரியும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் கோடைகால வெள்ளி இரவு 10 மணி என்றால் சென்னையில் சனிக்கிழமை காலை 7.30. அந்த நேரத்தில் எல்லாரும் பிரிட்ஜ் கால் என்ற கூட்டுத் தொலைபேசி இணைப்பில் இருப்பார்கள். எழுதிய குழு ஒரு எக்செல் தாளை அனுப்பியிருக்கும்: எந்த சர்வீஸை நிறுத்துவது, எந்தக் கோப்பை எங்கே பிரதியெடுப்பது, எந்த ஸ்கிரிப்டை எந்த வரிசையில் ஓட்டுவது என்று வரிக்கு வரி. சப்போர்ட் ஆள் அதைப் படித்துப் படித்து டைப் செய்வார். நடுவில் ஒரு வரி பிழை காட்டினால், பாஸ்வேர்டு வைத்திருப்பவருக்குக் காரணம் தெரியாது; காரணம் தெரிந்தவருக்குப் பாஸ்வேர்டு கிடையாது. லாக் கோப்பு மின்னஞ்சலில் போய், பதில் வரும்வரை போன் இணைப்பில் அமைதி நிலவும். இப்படி வேதனை தருவதாலேயே ரிலீஸை மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று தள்ளி வைத்தார்கள். தள்ளி வைத்ததால் ஒவ்வொன்றும் பெரிதாகி, வேதனையும் பெரிதானது.

கையால் ஏற்றுவதன் ஆபத்துக்கு உலகறிந்த உதாரணம் நியூயார்க் பங்குச்சந்தையில் வியாபாரம் செய்த நைட் கேப்பிடல். புதிய நிரலை 8 சர்வர்களில் ஏற்ற வேண்டிய இடத்தில் ஒன்று விட்டுப்போனது. 2012 ஆகஸ்ட் 1 அன்று சந்தை திறந்ததும் அந்த ஒரு சர்வரில் கிடந்த பழைய நிரல் கண்டபடி பங்குகளை வாங்கி விற்க, சுமார் 45 நிமிடங்களில் ஏறத்தாழ 44 கோடி டாலர் நஷ்டம்.

அதற்கு முன்பே மாற்றுவழி பேசப்பட்டு வந்தது. சர்வீஸைக் கட்டுகிற குழுவே அதை ஓட்டவும் வேண்டும் என்ற அமேசானின் நடைமுறையை அதன் தொழில்நுட்பத் தலைவர் வெர்னர் வோகல்ஸ் 2006இல் வெளிப்படையாகச் சொன்னார். 2009 ஜூனில் ஃப்ளிக்கரின் ஜான் ஆல்ஸ்பாவும் பால் ஹாமண்டும் தங்கள் தளத்தில் ஒரே நாளில் பத்து முறைக்கு மேல் புதிய நிரலை ஏற்றுவதாக ஒரு மாநாட்டில் விவரித்தார்கள். பெல்ஜியத்தில் இரண்டு தரப்புக்கும் நடுவே அல்லாடிக்கொண்டிருந்த பேட்ரிக் டிபாய் அதனால் உந்தப்பட்டு, அக்டோபர் 30, 31 தேதிகளில் கென்ட் நகரில் ஒரு கூட்டம் நடத்தினார். டெவ்ஆப்ஸ் என்ற பெயர் அங்கிருந்து பரவியது. கிட், ஜென்கின்ஸ், பப்பட், 2013இல் டாக்கர் என்று நிரலைக் கையாளவும் தானாக ஏற்றவும் உதவும் கருவிகள் இந்த வழக்கத்தோடு சேர்ந்துகொண்டன.

தமிழ்நாட்டில் இந்த வழக்கத்தை முதலில் தேவையாக உணர்ந்தவை சொந்தமாக மென்பொருள் செய்து விற்ற நிறுவனங்கள். 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஸோஹோவின் ஆரம்பத் தொழிலே நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்கும் மென்பொருள்தான். சர்வர் அறையில் உட்கார்ந்திருப்பவரின் கஷ்டம் அதற்குச் சரக்காகவே தெரிந்திருந்தது. 2005இல் இணையத்தில் ஓடும் ஸோஹோ ரைட்டர் வந்ததும் நிலைமை மாறியது: அதுவரை வாடிக்கையாளரின் சர்வரில் ஓடியது, இனி தன் சர்வரில் ஓடும். 2012 ஜனவரி 20 அன்று கலிபோர்னியாவில் அதன் சர்வர்கள் இருந்த டேட்டா சென்டரில் மின்சாரம் போய்ச் சேவைகள் பல மணி நேரம் முடங்கியபோது, வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியது ஸோஹோவேதான். ஒப்பந்தத்தைக் காட்டி ஒதுங்க வழியில்லை. 2010இல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்குக்குச் சொந்த சர்வர் அறைகூடக் கிடையாது. அமேசானின் கிளவுடில் ரூபி ஆன் ரெயில்ஸில் எழுதி ஓட்டிய சிறு நிறுவனத்துக்கு, எழுத ஒரு கூட்டம், காக்க ஒரு கூட்டம் என்று வைத்துக்கொள்ள வசதியும் இல்லை.

பிறருக்காக எழுதியும் பராமரித்தும் கொடுத்த சேவை நிறுவனங்களுக்கு டெவ்ஆப்ஸ் வெளியிலிருந்து வந்தது. அமெரிக்க வாடிக்கையாளர்கள் டெண்டரிலேயே டெவ்ஆப்ஸ் கேட்கத் தொடங்கினார்கள். சென்னை வேளச்சேரிப் பயிற்சி நிலையங்களின் பலகைகளில் ஜாவா, டெஸ்டிங் ஆகியவற்றோடு அதுவும் ஏறியது. பல இடங்களில் நடந்தது என்னவென்றால், எழுதும் குழுவும் காக்கும் குழுவும் அப்படியே இருக்க, நடுவில் டெவ்ஆப்ஸ் டீம் என்று மூன்றாவதாக ஒன்று முளைத்தது. நிரலைத் தானாகச் சர்வரில் ஏற்றும் ஜென்கின்ஸ் பைப்லைனைக் கட்டுவது அவர்கள் வேலை. அது உடைந்தால் டிக்கெட் போட வேண்டியதும் அவர்களுக்குத்தான். கருவி மாறியது, பில் போடும் முறை மாறவில்லை. இதை டெவ்ஆப்ஸ் என்று சொல்வது பெயருக்கு மட்டுமே பொருந்தும்.

சென்னைக்கு வெளியே இந்த வேறுபாடு எப்படித் தெரிந்தது என்பதற்கு விழுப்புரம் மாவட்டம் ஓர் உதாரணம். நெடுங்காலம் அது இந்தத் தொழிலுக்கு ஆட்களை அனுப்பிய இடம். 2008இல் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிகள் வந்தன. படித்தவர்கள் சென்னைக்குப் போனார்கள். 2020 மார்ச் கொரோனா ஊரடங்கில் அவர்களில் பலர் அந்த மாவட்டத்துச் செஞ்சிக்கும் அனந்தபுரத்துக்கும் லேப்டாப்போடு திரும்பினார்கள். ரிலீஸ் தானியங்கிப் பைப்லைனில் போகும் நிறுவனங்களுக்கு ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது அவ்வளவு பெரிய சிக்கலாக இல்லை. எக்செல் தாளை நம்பி, அலுவலகத்தின் பூட்டிய அறையிலிருந்து மட்டுமே வேலை பார்க்கவிட்ட நிறுவனங்களுக்கோ கணினிகளை மூட்டை கட்டி வீடு வீடாக அனுப்ப வேண்டியிருந்தது.

2024 பிப்ரவரியில் அதே மாவட்டத்தின் வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் சுமார் 31 கோடி ரூபாய் செலவில், 63,000 சதுர அடியில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அங்கே வரும் நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பொருளை விற்கின்றனவா, வேறொருவருக்காக டிக்கெட் மூடுகின்றனவா என்பதைப் பொறுத்தே, எழுதுவதும் காப்பதும் ஒன்றாயிருக்கும் வழக்கம், பிரிந்திருக்கும் வழக்கம் ஆகிய இரண்டில் எது அந்த மாவட்டத்தில் நிலைக்கும் என்பது முடிவாகும்.